தளத்தை யார் கூட்டுவது?

(அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி, திண்டிவனம் வட்டாரத்தில் உள்ள ஓர் இரவுப் பாடசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர்கள், "உங்க கராத்தே அனுபவத்தைச் சொல்லுங்க, முடிஞ்சா கடைசியில ரெண்டு ஓடு உடைச்சுக் காட்டுங்க, பிள்ளைங்க சந்தோஷப்படும்" என்றார்கள். அனுபவத்தைச் சொல்கிறேன். ஓடு உடைப்பதாக இல்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு அடுக்கினால், ஓரளவு பழகிய யாரும் உடைத்துவிடலாம். பள்ளி ஆண்டு விழா மேடைகளில் நானும் நிறைய உடைத்துக் கைதட்டு வாங்கியவன்தான். இப்போது 52 வயது ஆகிறது. ஓடு மாற்ற வழியில்லாமல் மழைக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டு இருக்கிற வீடுகள் இந்தத் தெருவிலேயே நாலைந்து இருக்கின்றன. உடைக்க மனம் வரவில்லை.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநர். டியூட்டி போக மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுக்கிறேன். 1998இல் ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை. கூட்ட நேரத்தில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிக்கிறேன் என்றால் அது கிபா டாச்சியின் புண்ணியம். குதிரைமேல் உட்கார்ந்த மாதிரிக் காலை அகட்டி நிற்கும் நிலை அது. மற்றபடி உதை, குத்து எல்லாம் உங்களுக்கு யூடியூப்பிலேயே கிடைக்கும். நான் துடைப்பத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1987இல் நான் ஒன்பதாம் வகுப்பு. கிராமத்துக் காலனியிலிருந்து வந்து, டவுனில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தேன். ஒரு சனிக்கிழமை இரவு பக்கத்துத் தெருவில் டெக்கு வாடகைக்கு எடுத்துப் புரூஸ் லீ படம் போட்டார்கள். சுவர் ஏறிக் குதித்துப் போய்ப் பார்த்தோம். அடுத்த வாரம் விடுதியில் ஒரு ஒட்டடைக் கம்புகூட உருப்படியாக இல்லை. எல்லாவற்றையும் முழ நீளத்துக்கு வெட்டி, சைக்கிள் செயினில் கோத்துச் சுழற்றி, எங்கள் மண்டையை நாங்களே உடைத்துக்கொண்டோம். வார்டனிடம் வாங்கிய அடி தனி.

கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையின் மொட்டை மாடியில் மாலையில் கராத்தே கிளாஸ் நடந்தது. மாதம் 25 ரூபாய். எங்கள் அப்பாவுக்கு அறுப்புக் கூலி நெல்லாகத்தான் வரும். ரொக்கத்தைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். அதனால் நான் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து, கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரிகிற தலைகளையும் கைகளையும் மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பேன். கால் என்ன செய்கிறது என்று தெரியாது. ஒருநாள் மாஸ்டர் கூப்பிட்டார்.

"என்னடா தினமும் பாக்குற? சேர்றியா?"

"காசு இல்ல சார்."

"எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"ஊரா, காலனியா?"

"காலனி சார்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, ஃபீஸ் வேணாம். கிளாஸுக்கு அரை மணி முன்னாடியே வந்து மாடியக் கூட்டி, தண்ணி தெளிச்சு வெச்சுடு."

விடுதி வரைக்கும் ஓடியே போனேன். அத்தனை சந்தோஷம். அவர் எனக்குச் செய்தது பெரிய உதவி என்றுதான் அன்று நினைத்தேன். உதவி இல்லை என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதே வகுப்பில் ஃபீஸ் கட்ட முடியாத இன்னொரு பையனும் இருந்தான். ஊர்த்தெருப் பையன், அப்பா இல்லாதவன். அவனிடமும் மாஸ்டர் காசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அவனிடம் வருகைப் பதிவேட்டைக் கொடுத்திருந்தார். அவன் பெயர் கூப்பிடுவான், நான் கூட்டுவேன். ஐந்து வருஷம் இப்படியே போனது. அந்த வித்தியாசம் என் கண்ணில் படவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. அது அவ்வளவு இயல்பாக இருந்தது.

அப்படியானால் அந்த மாடியில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்றால், நிறையக் கிடைத்தது. முதல் நாளே கிடைத்தது. மாடிப்படியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தாத்தா ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனவர். அந்தத் தெரு முடிகிற புளியமரத்தடியில்தான் திரும்பப் போடுவார். சின்ன வயதில் அந்தச் செருப்பை அவர் கையிலிருந்து வாங்கி நான் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். 'இங்கேயுமா' என்று நினைத்துக்கொண்டே கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் ஜவுளிக் கடைக்காரர் மகனும் கழற்றுகிறான், மாஸ்டரும் கழற்றுகிறார். என் அறுந்து தைத்த ஹவாய் செருப்பு அந்தக் குவியலில் எது என்று தெரியாமல் கிடந்தது.

அடுத்தது குனிவது. ஜப்பானியர்கள் 'ரெய்' என்பார்கள். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும், சண்டைக்கு நிற்கும்போதும் எதிராளிக்குக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். குனிவதில் எங்கள் வீட்டில் எல்லோருமே கறுப்பு பெல்ட்தான். அப்பா ஆண்டையின் முன்னால் நிற்கும்போது அவருடைய உயரமே அரை அடி குறைந்துவிடும். துண்டு இடுப்புக்குப் போகும், கண் தரைக்குப் போகும். ஆனால் அந்த மாடியில் நான் குனிந்தபோது என் எதிரே நின்றவனும் குனிந்தான். நான் எவ்வளவோ அவனும் அவ்வளவு. என்னைப் பார்த்து இடுப்பை வளைத்த முதல் ஊர்த்தெருக்காரன் அவன். விதி அது, அவன் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. விதியாக இருந்ததே போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் நாம் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, சத்தம். குத்தும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் வர வேண்டும். 'கியாய்'. எனக்கு ஒரு வருஷம் அது வரவே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. 'ஊர்க்காரங்க இருக்காங்க, சத்தம் போடாத' என்று கேட்டே வளர்ந்த தொண்டை அது. பல வருஷம் கழித்து, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கப் போனேன். அங்கே எல்லாச் சாதிப் பெண் பிள்ளைகளுக்கும் அதே நோய். காலை அகட்டி நிற்கச் சொன்னால் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கும். கத்தச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்ளும். மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளைகளுக்குச் சண்டை எல்லாம் கற்றுக்கொடுக்க முடியாது தோழர்களே. யார் முடியும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். நான் அந்த மூன்று மாதத்தையும் கத்த வைப்பதிலேயே கழித்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் தலைமை ஆசிரியரிடம் புகார் கொடுத்தார்கள். அது என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மாஸ்டர் புது வீடு கட்டிக் குடி போனார். நாங்கள் எல்லோரும் போனோம். மற்றவர்கள் உள்ளே பந்தியில் உட்கார்ந்தார்கள். என்னிடம் வந்து, "தம்பி, சைக்கிள் எல்லாம் வெளியில கெடக்கு, கொஞ்சம் பாத்துக்க" என்றார். எனக்கு இலை வெளியே வந்தது. பரிமாறியதில் ஒரு குறையும் இல்லை, பாயசம் இரண்டு தடவை வைத்தார்கள். மறுநாள் மாடியில் அவரோடு எதிரெதிர் நின்று குனிந்து வணக்கம் வைத்துச் சண்டை போட்டேன். என் முகத்தைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளியில் குத்தை நிறுத்தினார். அவ்வளவு கைத்திறன் உள்ள மனிதர். கெட்டவர் இல்லை. மாடியில் ஒரு சட்டமும் வீட்டில் ஒரு சட்டமும் அவருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

1996இல் கறுப்பு பெல்ட் வாங்கினேன். சர்டிபிகேட்டுக்கும் கிரேடிங்குக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய பணத்துக்கு அம்மாவின் கம்மல் போனது. இந்த பெல்ட் விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலரும் நினைப்பதுபோல இது ஆயிரம் வருஷத்து வழக்கம் கிடையாது. ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய ஏற்பாடு. கராத்தேயில் முதன்முதலாகக் கறுப்பு பெல்ட் கொடுத்தது 1924இல்தான். இன்று நம் ஊர்களில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று எத்தனை நிறம் உண்டோ அத்தனை தடவை ஃபீஸ். ஒவ்வொரு நிறத்திலும் காலனிப் பிள்ளைகள் இரண்டு பேர் கழன்றுகொள்வார்கள். பழுப்பு பெல்ட் வரும்போது திரும்பிப் பார்த்தால், காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நிற்பார்கள். திறமையில் வடிகட்டியதாகச் சொல்லிக்கொள்வோம். என் வகுப்பில் மூன்றே நிறம் வைத்திருக்கிறேன். இதனால் என்னை எந்தச் சங்கமும் சேர்த்துக்கொள்வதில்லை, மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்ப இன்னொருவர் பெயரில்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. அது ஒரு தனிக் கதை, விடுங்கள்.

இனி நான் செய்த தப்பு.

2006. டவுனில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தை மாலையில் மட்டும் வாடகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தேன். நாற்பது பிள்ளைகள். பதினோரு பேர் காலனிப் பிள்ளைகள், அவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. மீதிப் பேர் ஊர்த்தெரு, கடைத்தெரு. கிரேடிங் நாள், வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். மண்டபத்தில் முதல் நாள் விசேஷம் நடந்து இலையும் பூவுமாகக் கிடக்கிறது. நான் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "பாப்பா, சீக்கிரம் ஒரு வாட்டி கூட்டிவிடு" என்றேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண், பச்சை பெல்ட். காலனிப் பிள்ளை.

அவள் துடைப்பத்தை எடுத்தாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். பிறகு சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாஸ்டர், எப்பவும் நான்தான் கூட்டுறேன். இல்லன்னா எங்க தெரு பசங்க. பச்சை பெல்ட்டுல ஒம்பது பேரு இருக்கோம்."

நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. எனக்குக் கோபம் வந்தது. "மாஸ்டர் சொன்னா எதிர்த்துப் பேசுவியா? அம்பது எடு" என்றேன். கை முட்டியைத் தரையில் ஊன்றி ஐம்பது தண்டால். எடுத்தாள். எடுத்து முடித்து, எழுந்து, குனிந்து வணக்கம் வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். துடைப்பத்தைத் தொடவில்லை. கடைசியில் இன்னொரு பையன் கூட்டினான். அவனும் எங்கள் தெருதான். நான் சொல்லவே இல்லை, அவனாகவே எடுத்தான்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளை சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு வருஷமாக என் வகுப்பில் துடைப்பம் காலனிப் பிள்ளைகளைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை. 'நம்ம பிள்ளைங்க, உரிமையா சொல்லலாம், காசும் வாங்குறதில்ல' என்று நினைத்திருக்கிறேன். என் மாஸ்டரும் அப்படித்தானே நினைத்திருப்பார். அவர் ஊர்த்தெருவில் பிறந்து செய்ததை நான் காலனியில் பிறந்து செய்திருக்கிறேன். வருகைப் பதிவேடு யாரிடம் இருந்தது தெரியுமா? ஜவுளிக் கடை வீட்டுப் பையனிடம்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். அதுவரை கராத்தே என்றால் கட்டா, குமித்தே, ஜப்பானிய எண்கள் பத்து, அவ்வளவுதான் எனக்கு. புதுச்சேரியில் பழைய புத்தகக் கடையில் ஃபுனாகோஷி கிச்சினின் தன்வரலாறு கிடைத்தது. இன்று உலகம் முழுவதும் பழகுகிற ஷோட்டோகான் கராத்தேக்கு ஆதி ஆசான் அவர். 1868இல் ஒகினாவாத் தீவில் பிறந்த பள்ளிக்கூட வாத்தியார். 1922இல் கராத்தேயைச் செய்து காட்டுவதற்காக டோக்கியோ போனவர் அங்கேயே தங்கிவிட்டார். எங்கே தங்கினார் என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒகினாவா மாணவர்களுக்கான ஒரு விடுதியில். வாடகை கொடுக்க வழியில்லாமல் அந்த விடுதிக்குக் காவல்காரர், தோட்டக்காரர், அறைகளைக் கூட்டுபவர் என்று எல்லா வேலையும் செய்திருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒருநாள் அவர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரர் அவரிடமே, ஃபுனாகோஷி எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார். இவர் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்து, நான்தான் என்று நிற்கிறார்.

இதை வைத்துக்கொண்டு கராத்தேயை ஒடுக்கப்பட்டவர்களின் கலை என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை. ஆயுதம் பறிக்கப்பட்ட குடியானவர்கள் சாமுராய்களை வெறுங்கையால் எதிர்க்கக் கண்டுபிடித்தது என்று ஒரு கதை எல்லா வகுப்புகளிலும் சொல்லப்படும். நானும் சொல்லியிருக்கிறேன். ஒகினாவாவில் இதைப் பெரும்பாலும் பழகியது அரண்மனை சார்ந்த மேல்தட்டுக் குடும்பங்கள்தான் என்கிறார்கள் வரலாறு எழுதியவர்கள். ஃபுனாகோஷியும் அப்படிப்பட்ட, நொடித்துப்போன குடும்பம்தான். இரவில், மறைவாக, வேண்டியவருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த வித்தை. அதை எளிதாக்கிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக்கியது இதோசு அங்கோ என்கிற பெரியவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதுவும் கடும் எழுபது வயதில். எனக்கு அவர்தான் முக்கியம். போதிதருமர் காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுபோன கலை என்று நம் ஊரில் மார்தட்டுகிறவர்களும் உண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் இருந்ததற்கே சான்று இல்லை. வித்தை யார் வீட்டிலிருந்து கிளம்பியது என்பதைவிட, யார் வீட்டுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று கேட்பது நமக்கு உபயோகம்.

அதேபோல ஒகினாவாக்காரர்களையும் புனிதர்கள் ஆக்க வேண்டாம். அவர்களுடைய நாட்டை 1609இல் சத்சுமா படை பிடித்தது. 1879இல் ஜப்பான் முழுதாக விழுங்கியது. 1903இல் ஒசாகாவில் நடந்த பொருட்காட்சியில், கூரைக் குடில் போட்டு மனிதர்களையே காட்சிக்கு வைத்தார்கள். ஐனு மக்கள், தைவான் பழங்குடிகள், அவர்களோடு ஒகினாவாப் பெண்கள் இரண்டு பேர். ஒகினாவாவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. என்ன சொல்லி எதிர்த்தார்கள்? எங்களைப் போய் ஐனுக்களோடும் தைவான் பழங்குடிகளோடும் சேர்த்து வைப்பதா என்று அவர்களுடைய பத்திரிகை எழுதியது. மனிதரைக் காட்சிக்கு வைப்பதைவிட, யார் பக்கத்தில் வைத்தார்கள் என்பது அவர்களைச் சுட்டிருக்கிறது. அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மைக்கு அந்தக் கடல் கடந்தும் ஒரு வீடு இருக்கிறது. ஜப்பானுக்குள்ளேயே தோல் வேலை, இறைச்சி வேலை செய்தவர்களை ஒதுக்கிவைத்த கொடுமை உண்டு. புராகு மக்கள் என்பார்கள். ஃபுனாகோஷி டோக்கியோ போன அதே 1922இல்தான் அந்த மக்கள் கியோட்டோவில் கூடி, சுய்ஹெய்ஷா என்ற தங்கள் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டையும் சேர்த்து எந்தக் கராத்தே மாஸ்டரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஜப்பானில் பயிற்சிக் கூடத்தை மாணவர்களே கூட்டித் துடைப்பது வழக்கம். வரிசையாகக் குனிந்து, ஈரத்துணியை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடுவார்கள். அதுவும் பயிற்சியில் ஒரு பகுதி. நாம் அங்கிருந்து குத்தைக் கொண்டுவந்தோம், உதையைக் கொண்டுவந்தோம், பெல்ட்டைக் கொண்டுவந்தோம். துணியை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டோம். ஏனென்றால் அந்த வேலைக்கு இங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது.

மறு வாரம் வகுப்புக்கு முன்னால் நானே கூட்டினேன். பிறகு பெயர்ப் பட்டியல் ஒட்டினேன், தினம் நான்கு பேர், அகர வரிசைப்படி. அந்தப் பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டது எனக்குத்தான் தேவைப்பட்டது என்று தோன்றுகிறது.

முதல் வாரத்திலேயே ஓர் அப்பா வந்தார். மரியாதையான மனிதர். "மாஸ்டர், ஃபீஸ் வேணும்னா அம்பது ரூபா கூடப் போட்டுக்குங்க. ஓர் ஆளை வெச்சுக் கூட்டிக்கலாமே" என்றார். "எந்த ஆளை சார்?" என்று கேட்டேன். "உங்க பக்கமே யாராச்சும் இருப்பாங்க இல்ல" என்றார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மழை மேலிருந்து பெய்யும் என்பதுபோலச் சொன்னார். இரண்டு மாதத்தில் நாற்பது பிள்ளைகள் இருபத்து மூன்றாகிவிட்டன. மூன்றாம் மாதம் மண்டபத்துக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். காரணம் கேட்டதற்குக் கல்யாண சீசன் என்றார். அது மார்கழி.

ஊர்க்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எதிர்பார்க்காதது எங்கள் தெருவிலிருந்து வந்தது. பேரூராட்சியில் தூய்மைப் பணி செய்கிற ஓர் அம்மா வந்து நின்றார். "எம்புள்ள கையில தொடப்பம் ஏறக் கூடாதுன்னுதான் நான் விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து ஊர்க் குப்பைய வார்றேன். நீ ஜப்பான் கதை சொல்லி அவன் கையிலயே குடுக்குறியா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பள்ளிக்கூடத்துக் கழிவறையைக் கழுவ யார் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்று செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தம்மாவின் பயம் காற்றிலிருந்து வந்ததில்லை. அவர் மகன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். உடனே இன்னொரு அப்பா கேட்டார், "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே மாஸ்டர்?" இல்லை சார் என்றேன். துடைப்பம் எல்லோருக்கும் ஒரே எடை இல்லை. அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, அவர் பையனும் நின்றுவிட்டான். நான் செய்தது சரியா என்று இன்றுவரை முழுக்கத் தெளிவில்லை. இங்கே படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், பிறகு தனியாகச் சொல்லுங்கள்.

இப்போது வகுப்பு எங்கள் ஊராட்சி விளையாட்டுத் திடலில், வேப்ப மரத்தடியில் நடக்கிறது. முப்பது பேர். மண் தரை, உதை விழுந்தால் வலிக்காது, மழை வந்தால் லீவு.

கடைசியாக, வரும்போதே வாசலில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, இதக் கத்துக்கிட்டா அவங்கள அடிக்கலாமா?" சிரிக்க வேண்டாம், நியாயமான கேள்வி. நானும் அதற்காகத்தான் சேர்ந்தேன். தம்பி, ஒருத்தன் உன் சட்டையைப் பிடித்தால் கையை விடுவிக்க இது உதவும். நாலு பேர் வந்தால் ஓடுவதற்கு மூச்சு இருக்கும், அதுவும் பெரிய விஷயம். ஊரே திரண்டு வந்தால் ஒன்றும் செய்யாது. வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்களே, அவர்கள் எல்லோருமே கறுப்பு பெல்ட்டாக இருந்திருந்தால் மட்டும்? அந்த நெருப்புக்கு முன்னால் கராத்தே என்ன செய்யும்? அங்கே வேண்டியது சங்கம், சட்டம், சாட்சி சொல்லப் பயப்படாத வாய். 1927இல் மகத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய நம் மக்களை அடித்தபோது, அங்கே முன்னாள் ராணுவத்தினர் பலர் இருந்தார்கள். அடிக்கத் தெரியாதவர்கள் இல்லை. அண்ணல் தடுத்தார், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் நிற்பதற்கும், அடிக்கத் தெரியாமல் நிற்பதற்கும் உடம்பில் வித்தியாசம் உண்டு. முதுகில் தெரியும். என் பிள்ளைகள் மூன்று பேர் இதுவரை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு குத்துகூட விட்டதில்லை. காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ள மறுத்தபோது, உட்காரச் சொல்லாத நாற்காலியின் முன்னால் நாலு மணி நேரம் நின்றார்கள். அந்த நாலு மணி நேரத்துக்குத்தான் நான் கிபா டாச்சி சொல்லிக்கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனை வீடு புகுந்து, கூடப் படித்தவர்களே வெட்டினார்கள். அதன்பிறகு நீதிபதி சந்துரு குழு அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. என் வகுப்பில் கயிற்றைக் கழற்றினால்தான் பெல்ட். இதில் மட்டும் யாருக்கும் விலக்குக் கிடையாது. நம் பிள்ளைகள் கட்டிக்கொண்டு வரும் நீலக் கயிறு உட்பட. இதற்கு நம் தோழர்கள் சிலருக்கே என்மேல் வருத்தம்.

அந்தப் பச்சை பெல்ட் பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பழுப்பு வரை வந்தாள், பிறகு நர்சிங் படிக்கப் போய்விட்டாள். போன வருஷம் என் பேருந்தில் ஏறினாள், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் வேலை, கைக்குழந்தையோடு. கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் போய் நின்று, "அன்னிக்குத் துடைப்பத்தச் சாத்தி வெச்ச பாரு, அதப் பத்தி ஊரெல்லாம் பேசிட்டு இருக்கேம்மா" என்றேன். யோசித்தாள்.

"எந்தத் துடைப்பம் மாஸ்டர்? எனக்கு நீங்க அம்பது தண்டால் எடுக்க வெச்சதுதான் ஞாபகம் இருக்கு. எதுக்குன்னே மறந்துடுச்சு. கை முட்டி ரெண்டும் தோலு உரிஞ்சு, மறுநாள் பரீட்சையில பேனா பிடிக்க முடியல."

டிக்கெட்டுக்குக் காசை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். டியூட்டி.